விரலுக்குள் எத்தனை கிலோ? கையின் தசை, தசைநாண் விசைக் கணிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தத்திலிருந்து சித்தூர் போகும் சாலையில், பரதராமி வரைக்கும் உள்ள ஊர்க்காரர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். பிசியோதெரபி படித்துவிட்டு, கை வைத்தியத்தை மட்டும் பிடித்துக்கொண்டவன் நான். வருகிறவர்களில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். மீதிப் பேர் தறிக்காரர்கள், தோல் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், கத்தியில் விரலை வெட்டிக்கொண்டவர்கள். வருஷத்துக்கு ஒருமுறை காட்பாடிப் பக்கமிருந்து இன்ஜினியரிங் பிள்ளைகளும் புராஜெக்ட் என்று வருவார்கள். பீடிக்காரம்மா தமிழும் தெலுங்குமாகக் கேட்பதும், அந்தப் பிள்ளைகள் சமன்பாடு போட்டுக் கேட்பதும் கடைசியில் ஒரே கேள்விதான்: உள்ளே எவ்வளவு இழுக்கிறது? இதுவரை சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

"நரம்பு இழுக்குது" என்கிறோமே, அது நரம்பா தசைநாணா?

பெரும்பாலும் தசைநாண். நம் பக்கத்தில் கையில் கயிறு மாதிரி எது தட்டுப்பட்டாலும் அது நரம்புதான். தெலுங்கிலும் 'நரம்' என்றே சொல்லிவிடுவார்கள். மருத்துவத்தில் இரண்டும் வேறு. நரம்பு சேதி கொண்டுபோகும், இழுக்காது. தசை சுருங்கி இழுக்கும். அந்த இழுப்பை எலும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வெள்ளைக் கயிறுதான் தசைநாண். ஆஸ்பத்திரியில் 'டெண்டன்' என்று சொல்வது இதைத்தான். "நரம்பு அறுந்துபோச்சு" என்று யாராவது வந்தால் நான் முதலில் இரண்டு விஷயம் பார்ப்பேன். விரல் மடங்குகிறதா? தொட்டால் தெரிகிறதா? மடங்கவில்லை, ஆனால் தொடுவது தெரிகிறது என்றால் போனது தசைநாண். மடங்குகிறது, ஆனால் மரத்துக் கிடக்கிறது என்றால் போனது நரம்பு. கத்தி ஆழமாகப் போயிருந்தால் இரண்டுமே போயிருக்கும்.

விரலில் தசையே இல்லை என்கிறார்களே?

உண்மைதான். விரலை அசைக்கும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும்தான் இருக்கின்றன. சந்தேகமிருந்தால் இடது கையால் வலது முன்கையின் உட்புறத்தைப் பிடித்துக்கொண்டு வலக்கை விரல்களை மடக்கிப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே சதை புரளும். அந்தச் சதையிலிருந்து விரலுக்கு இரண்டிரண்டு கயிறுகள் வருகின்றன. ஒன்று நடு எலும்பில் முடிகிறது. இதை மேல்மடக்கி என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று அதற்கு அடியில் ஓடி, மேல்மடக்கி பிளந்து விடும் வழியில் புகுந்து, நுனி எலும்பு வரை போகிறது. இது ஆழ்மடக்கி. நாலு விரலுக்கு எட்டு, கட்டைவிரலுக்கு ஒன்று. ஆக ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் மணிக்கட்டில் ஒரே குகை வழியாக நெருக்கிக்கொண்டு போகின்றன. கார்ப்பல் டனல் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்த இடம்தான்.

இவை தவிர உள்ளங்கைக்குள்ளேயே சின்னச் சின்னத் தசைகள் உண்டு. விரலின் அடிமூட்டை மடக்கி, அதே சமயம் மேலே உள்ள இரண்டு மூட்டையும் நீட்டுவது இவற்றின் வேலை. ஆள் சிறுசு, ஆனால் கணக்கைக் குழப்புவதில் இவர்களை மிஞ்ச முடியாது. கீழே பாருங்கள்.

விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தினால் உள்ளே எத்தனை கிலோ?

இந்த ஒரு கேள்விக்குத்தான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பள்ளியில் படித்த திருப்புத்திறன் போதும்: விசை பெருக்கல் தூரம்.

ஆட்காட்டி விரலை லேசாக வளைத்து, சமையலறைத் தராசின் மேல் விரல் சதையால் அழுத்துங்கள். தராசு ஒரு கிலோ காட்டட்டும். அழுத்தம் விழும் இடம் நுனி மூட்டிலிருந்து 16 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். நுனி மூட்டைத் திருப்பப் பார்க்கும் சுமை 1 × 16 = 16. இதற்கு எதிராக இழுக்க அங்கே ஆழ்மடக்கி ஒன்றுதான் இருக்கிறது. அது மூட்டின் மையத்திலிருந்து சுமார் 4 மி.மீ. தூரத்தில்தான் ஓடுகிறது. இந்தத் தூரத்தை நெம்புதூரம் என்று சொல்கிறேன். 16-ஐ நாலால் வகுத்தால் நாலு கிலோ. ஆக, தராசில் ஒன்று, உள்ளே நாலு.

அடுத்து நடுமூட்டு. அழுத்தும் இடத்திலிருந்து அதற்குத் தூரம் 38 மி.மீ. என்றால் சுமை 38. ஆழ்மடக்கியின் நெம்புதூரம் இங்கே சுமார் 8. ஏற்கெனவே நாலு கிலோவில் இழுக்கிறது; 4 × 8 = 32 கிடைத்துவிட்டது. மீதி 6. அதை மேல்மடக்கி எடுத்துக்கொள்ளும். அதன் நெம்புதூரம் சுமார் 6, ஆக ஒரு கிலோ போதும்.

அடிமூட்டுக்குத் தூரம் 65 என்று வைப்போம். ஆழ்மடக்கி 4 × 11 = 44. மேல்மடக்கி 1 × 12 = 12. கூட்டினால் 56. இன்னும் 9 இடிக்கிறது. அதை உள்ளங்கைத் தசைகள் தரவேண்டும். அவை 5, 6 மி.மீ. தூரத்தில் இழுக்கின்றன என்றால் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. சரி, முடிந்ததா? முடியவில்லை. அந்தத் தசைகள் அடிமூட்டை மடக்கும்போதே நடுமூட்டை நீட்டுகின்றன என்று சொன்னேனே. இப்போது நடுமூட்டில் போட்ட கணக்கு உடைந்துவிட்டது. மேல்மடக்கி இன்னும் கொஞ்சம் அதிகம் இழுக்க வேண்டும். அது இழுத்தால் அடிமூட்டுக் கணக்கு மாறும். இப்படியே திரும்பித் திரும்பிச் சரிசெய்தால், ஒரு கிலோ அழுத்தத்துக்கு எல்லாத் தசையும் சேர்ந்து ஆறிலிருந்து ஏழு கிலோவுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும்.

தூரங்கள் ஆளுக்கு ஆள் மாறும். நீங்கள் சதையால் அழுத்தாமல் நகத்தின் ஓரம் படும்படி நுனியால் அழுத்தினால் 16 என்பது 20-ஐத் தாண்டும். ஆழ்மடக்கியின் இழுப்பும் நாலிலிருந்து ஐந்துக்கு மேல் போகும். அதனால்தான் பீடியின் நுனியை நகத்தால் குத்தி மடக்குகிறவர்களிடம், "கொஞ்சம் சதையால தள்ளிப் பாருங்கம்மா" என்று சொல்வேன். கேட்கமாட்டார்கள். கை வேகம் போய்விடுமாம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களிடம் அதற்கு மேல் என்ன பேசுவது?

ஏன் இவ்வளவு நஷ்டத்துக்கு உடம்பு வேலை செய்கிறது?

பலத்தை விட்டுக்கொடுத்து ஓட்டத்தை வாங்கியிருக்கிறது. தசைநாண் மூட்டை ஒட்டி ஓடுவதால், தசை சில சென்டிமீட்டர் சுருங்கினாலே விரல் முழுசாக மடங்கிவிடும். கயிறு மூட்டை விட்டு விலகி ஓடியிருந்தால் பலம் கூடியிருக்கும். ஆனால் விரல் மடங்க, முன்கையில் இடம் போதாத அளவுக்குத் தசை நீளமாக இழுக்க வேண்டி வந்திருக்கும். விரலும் முருங்கைக்காய் மாதிரி இருக்காது, சுரைக்காய் மாதிரி இருக்கும்.

அந்த 4 மி.மீ., 8 மி.மீ. எல்லாம் எப்படி அளந்தார்கள்?

ஸ்கேனில் நேராக அளக்கலாம். ஆனால் எனக்குப் பிடித்தது கயிறு நகர்வதை வைத்து அளக்கும் பழைய முறை. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு டப்பா மூடியை எடுத்து, விளிம்பில் நூலைச் சுற்றுங்கள். மூடியின் ஆரம் 2 செ.மீ. என்றால், அதை 57 டிகிரி திருப்பும்போது நூல் சரியாக 2 செ.மீ. நகரும். 57.3 டிகிரி என்பது ஒரு ரேடியன். அந்த அளவு திருப்பினால் நகர்ந்த நூலின் நீளமும் ஆரமும் ஒன்றாகிவிடும். கிணற்றுக் கப்பிக்கும் இதே கதைதான்.

தானமாகக் கிடைத்த கையில் மூட்டை ஒரு ரேடியன் மடக்கி, தசைநாண் எத்தனை மி.மீ. நகர்ந்தது என்று பார்த்தால் அதுவே நெம்புதூரம். மூட்டின் மையம் எங்கே என்று தேடவே வேண்டாம். அறுவை சிகிச்சை மேஜையிலும் இதைச் செய்யலாம்.

பால் பிராண்ட் பெயர் இந்தத் துறையில் ஏன் அடிக்கடி வருகிறது?

நம் வேலூர்க்காரர் என்றே சொல்லலாம். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். ஆங்கிலேயப் பெற்றோர், ஆனால் மலைப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார். அதற்கடுத்த வருஷம் செங்கல்பட்டில் தொழுநோய் மருத்துவமனையை நடத்திவந்த டாக்டர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்கப் போனார். அங்கே விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையை அழுத்தச் சொன்னார். செத்த கை என்று நினைத்தது. அழுத்திய அழுத்தில் பிராண்டுக்கே வலி எடுத்துவிட்டது.

அந்த வலிக்குள் ஒரு விசைக் கணக்கு இருக்கிறது. தொழுநோய் முழங்கைப் பக்கம் நரம்பைத் தாக்கும்போது உள்ளங்கையின் சின்னத் தசைகள் செயலிழக்கின்றன. முன்கையில் உள்ள பெரிய மடக்கிகளில் பெரும்பாலானவை நன்றாகவே இருக்கும். இழுப்பு இருக்கிறது, ஆனால் அதைச் சமன்செய்ய ஆளில்லை. அதனால் விரல் கொக்கியாகிறது. மேலே நம் கணக்கில் இடித்த அந்த '9' இங்கே காணாமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தசை ஒன்றின் தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் பாதையில் தைத்தால் கை திரும்பும். பிராண்ட் வேலூரில் இதைத்தான் செய்தார். காட்பாடி அருகே கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மையத்திலும் அந்த வேலை தொடர்ந்தது.

எந்தத் தசையை எடுத்து எங்கே தைப்பது என்று முடிவு செய்ய ஒவ்வொரு தசையின் பலமும் தெரிய வேண்டும். தசை எவ்வளவு பலமாக இழுக்கும் என்பது அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. எவ்வளவு தூரம் இழுக்கும் என்பது அதன் நாரின் நீளத்தைப் பொறுத்தது. தேர் வடத்தில் எத்தனை பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது பலம், எத்தனை அடி நடக்க இடம் இருக்கிறது என்பது தூரம். பிராண்டும் கூட்டாளிகளும் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், முழங்கைக்குக் கீழே உள்ள எல்லாத் தசைகளின் பலத்தையும் 100 என்று வைத்து, அதில் ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்று பட்டியல் போட்டார்கள். ஆளுக்கு ஆள் மொத்த பலம் மாறினாலும் பங்கு பெரிதாக மாறாது என்பதுதான் அதன் நுணுக்கம். கைக்கு அறுவை சிகிச்சை செய்கிறவர்கள் இன்றும் அந்தப் பட்டியலைப் புரட்டுகிறார்கள்.

ஒரு சதுர சென்டிமீட்டர் தசை எத்தனை கிலோ இழுக்கும்?

இரண்டிலிருந்து நாலு கிலோ. எதை எடுப்பது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒத்துப்போவதில்லை. இந்த ஒரு எண்ணை மாற்றினாலே விடை இரண்டு மடங்காகும். புராஜெக்ட் அறிக்கையில் எந்த எண்ணை எடுத்தீர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், தம்பிகளா.

சமன்பாடு போட்டால் விடை ஒன்றுக்கு மேல் வருகிறதே, எங்கே தப்பு?

தப்பே இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு பீரோவை மாடிக்குத் தூக்குகிறார்கள். பீரோவின் எடை தெரியும். யார் எவ்வளவு தூக்குகிறார்கள் என்று சொல்ல முடியுமா? ஒருவன் சும்மா கையை வைத்துக்கொண்டு வந்தாலும் பீரோ மேலே போய்விடும். ஆட்காட்டி விரலும் அப்படித்தான். அது அசையும் வழிகள் நாலு. ஆக நாலு சமன்பாடு. இழுக்கும் தசைகள் ஏழு. விரலை மடக்கும் மடக்கிகள் இரண்டு, நீட்டும் நீட்டிகள் இரண்டு, உள்ளங்கைத் தசை மூன்று. நாலு சமன்பாட்டில் ஏழு தெரியாத எண். மேலே நான் ஆறிலிருந்து ஏழு கிலோவுக்குள் என்று முடித்ததுகூட, நீட்டிகள் சும்மா இருக்கின்றன என்று வைத்துக்கொண்டதால் வந்த விடை. நிஜத்தில் அவையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கும்.

அதனால் ஒரு நியாயம் கற்பித்துக்கொள்கிறார்கள். உடம்பு எந்தத் தசையையும் அளவுக்கு மீறிச் சோர்வடைய விடாது, முடிந்தவரை பங்கு போட்டுக்கொள்ளும் என்பதே அந்த நியாயம். கணக்கில் சொன்னால், ஒவ்வொரு தசையின் விசையையும் அதன் குறுக்குப் பரப்பால் வகுத்து, வர்க்கமோ (இரண்டாம் அடுக்கு) கனமோ (மூன்றாம் அடுக்கு) எடுத்துக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் விடையைத் தேர்ந்தெடுப்பது. கனம் எடுக்கும் முறையை 1981-இல் கிரவுனின்ஷீல்டும் பிராண்டும் முன்வைத்தார்கள். இந்த பிராண்ட் வேறு, ரிச்சர்ட் பிராண்ட். அவர்கள் பார்த்ததும் கையை அல்ல, நடையை. இரண்டு பிராண்டும் ஒரே வருஷத்தில் வந்து நின்றதால் என்னிடம் வந்த பிள்ளைகள் இரண்டு தடவை குழப்பியிருக்கிறார்கள்.

உடம்பு நிஜமாகவே இந்த நியாயப்படி நடக்கிறதா என்றால், சில வேலைகளில் நடக்கிறது. வலியோடு வேலை செய்கிறவர்கள், பயந்துகொண்டு பிடிக்கிறவர்கள் விஷயத்தில் நடப்பதில்லை. அவர்கள் மடக்கியையும் நீட்டியையும் ஒருசேர இறுக்குவார்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறவரின் கையையும், முதல் நாள் ஸ்கூட்டி ஓட்டுகிறவரின் கையையும் பாருங்கள், தெரியும்.

தோலில் மின்முனை ஒட்டி, தசையின் மின்சாரத்தை அளந்தால் தெரிந்துவிடாதா?

எந்தத் தசை எப்போது வேலை செய்கிறது என்று தெரியும். எத்தனை கிலோ என்பது நேரடியாகத் தெரியாது. அதிலும் முன்கையில் தசைகள் வெற்றிலைக் கவுளி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. ஆழ்மடக்கியின் சேதியைக் கேட்கப் போனால் மேலே உள்ளதன் சத்தமும் சேர்ந்து கேட்கும். மெல்லிய கம்பியை ஊசி வழியாக உள்ளே செலுத்தி அளப்பதுண்டு. பீடிக்காரம்மாவிடம் ஊசியைக் காட்டிவிட்டு "சாதாரணமா சுத்துங்கம்மா" என்றால் எப்படிச் சுற்றுவார்? நான் அதற்குப் போவதில்லை.

உயிருள்ளவரின் தசைநாணில் நேரடியாக அளந்திருக்கிறார்களா?

அளந்திருக்கிறார்கள். மணிக்கட்டுக் குகையைத் திறக்கும் அறுவை சிகிச்சையின்போது, நோயாளி விழித்திருக்கிற நிலையில், தசைநாணைச் சின்ன வளைவுக் கருவி ஒன்றில் மாட்டி அளப்பது வழி. 1992-இல் ஷூயிண்டும் குழுவினரும் வெளியிட்டது இதில் முக்கியமானது. ஐந்து நோயாளிகள். பிறர் விரலை மடக்கி நீட்டியபோது 0.9 கிலோ வரை. நோயாளி தானாக, எதிர்ப்பில்லாமல் விரலை அசைத்தபோது 3.5 கிலோ வரை. விரல் நுனியால் கிள்ளிப் பிடித்தபோது 12 கிலோ வரை; அப்போது வெளியே காட்டிய கிள்ளல் விசை சராசரியாக 3.5 கிலோதான்.

1998-இல் டெனர்லைனும் கூட்டாளிகளும் மேல்மடக்கியை மட்டும் பார்த்தார்கள். நுனி விசையைப் போல சராசரியாக 3.3 மடங்கு, ஆனால் ஆளுக்கு ஆள் 1.7-இலிருந்து 5.8 வரை. நான் மேலே போட்ட கணக்கில் மேல்மடக்கிக்கு முதலில் வந்தது ஒரு மடங்கு என்பதைக் கவனியுங்கள். காகிதக் கணக்கு மேல்மடக்கிக்குக் குறைவாகக் கொடுக்கும், நிஜத்தில் அது அதிகம் இழுக்கிறது என்பதுதான் அவர்கள் கண்டதும். என் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள்.

பீடி சுற்றுகிறவர்களுக்குக் கட்டைவிரலின் அடியில் வலிப்பது ஏன்?

கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் இடத்தில், சேணம் மாதிரி வளைந்த ஒரு மூட்டு இருக்கிறது. 1977-இல் கூனியும் சாவோவும் போட்ட கணக்குப்படி, நுனியில் ஒரு கிலோ கிள்ளினால் நுனி மூட்டில் சுமார் 3 கிலோ, அடுத்த மூட்டில் ஐந்தரை வாக்கில், அடியில் உள்ள அந்தச் சேண மூட்டில் 12 கிலோ அமுக்கம் வருகிறது. முழுப் பலத்தோடு இறுக்கிப் பிடித்தால் அங்கே 120 கிலோ வரை போகலாம். மூட்டை அமுக்குவது வெளியே உள்ள சுமை மட்டுமில்லை; தசைகள் இழுக்கும் ஒவ்வொரு கிலோவும் எலும்பை எலும்போடு சேர்த்து நெருக்குகிறது. அடிக்குப் போகப் போகத் தசைகளின் எண்ணிக்கையும் கூடும், நெம்புகோலின் நீளமும் கூடும்.

பரதராமிப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மாவுக்கு இதை விளக்க முயன்றேன். வயது அறுபதை நெருங்கும். முறத்தை மடியில் வைத்து நாற்பது வருஷம் சுற்றிய கை. இலையை எடுத்து, தூளைப் பரப்பி, கட்டைவிரலால் ஒரு உருட்டு. நூலை இரண்டு சுற்று. முனையை மடக்கி ஒரு குத்து. கண் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, கை தானாகப் போகிறது. ஒரு பீடிக்கு நாலு கிள்ளல், ஒரு கிள்ளலுக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம் என்றேன். ஆயிரம் பீடிக்கு நாலாயிரம் தடவை, தடவைக்கு ஆறு கிலோ, அந்த மூட்டின் மேல். அவர் மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, "இருவத்தி நாலாயிரம் கிலோவா? அப்ப லாரி லோடு, தம்பி" என்றார். கிலோக்களை இப்படிக் கூட்டக் கூடாது என்று இயற்பியல் சொல்லும். நான் திருத்தவில்லை.

அவருக்குச் செய்தது சாதாரண வேலைதான். கட்டைவிரலின் அடியை மட்டும் தாங்கும் சின்னப் பட்டை, கத்தரியின் வளையத்தில் துணி சுற்றித் தடிமனாக்கியது, மணிக்கு ஒருமுறை கையை விரிப்பது. வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வேலையை நிறுத்தினால் வலி குறைவதாகச் சொல்கிறார். அதற்கு மேல் நல்ல மருந்து என்னிடமும் இல்லை.

விரல் 'டக்'கென்று மாட்டிக்கொண்டு திறக்கிறதே, அதற்கும் விசைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. தசைநாண் எலும்பை விட்டு எழும்பாமல் இருக்க விரல் நெடுக வளையங்கள் இருக்கின்றன. சைக்கிள் பிரேக் வயருக்கு உறை இருப்பது போல. ஏ1 முதல் ஏ5 வரை ஐந்து பெரிய வளையங்கள், நடுநடுவே குறுக்கு நார்கள். இதில் ஏ2-வும் ஏ4-உம் போனால் கயிறு வில்நாண் மாதிரி எழும்பி நிற்கும், விரல் முழுசாக மடங்காது. பாறை ஏறுகிறவர்களுக்கு ஏ2 அறுவது தெரிந்த கதை.

கயிறு வளைகிற இடத்தில் கப்பி சுமை தாங்கும். 60 டிகிரி வளைந்தால் கயிற்றில் உள்ள அதே இழுப்பு கப்பியின் மேலும் விழும்; 90 டிகிரி என்றால் 1.4 மடங்கு. நாலு கிலோ இழுப்பு என்றால் வளையத்தின் மேல் நாலிலிருந்து ஆறு கிலோவுக்குள். இதை நாள் முழுக்கச் செய்தால் வளையம் தடிக்கும், தசைநாணில் முடிச்சு மாதிரி வீங்கும். பெரும்பாலும் உள்ளங்கையில் விரல் தொடங்கும் இடத்தில் உள்ள ஏ1-இல்தான் சிக்குகிறது. இலை வெட்டும் கத்தரி வந்து அழுத்துவதும் அதே இடத்தை ஒட்டித்தான். சர்க்கரை நோய் இருந்தால் இது இன்னும் சுலபமாக வரும்.

தசைநாண் தைத்த பிறகு எத்தனை கிலோ வரை தூக்கலாம்?

இந்தக் கேள்வியில் நான் ஒருமுறை சரியாக மாட்டிக்கொண்டேன். இளநீர் வெட்டும்போது இடது கையில் இரண்டு விரலின் மடக்கிகளை அறுத்துக்கொண்ட ஒருவர், தையல் போட்டு என்னிடம் வந்தார். ஐந்தாவது வாரம். "எதிர்ப்பில்லாம விரலை மடக்கினாலே உள்ளே மூணரைக் கிலோ வரைக்கும் போகும், அதைத் தையல் தாங்கும்" என்று பெருமையாக விளக்கினேன். அடுத்த வாரம் வந்தார். நடுவிரல் நீட்டியபடியே நிற்கிறது, மடங்கவில்லை. "நீங்க சொன்ன மாதிரிதான் சார், மூணு கிலோ அரிசிப் பைதான் தூக்கினேன்."

அவர் மேல் தப்பே இல்லை. நான் சொன்ன எண் உள்ளே உள்ள கயிற்றுக்கு. அவர் கேட்டது வெளியே தொங்கும் பைக்கு. இரண்டுக்கும் நடுவே பல மடங்கு இருக்கிறது என்று சொல்லாமல் விட்டது நான். மறுபடி அறுவை சிகிச்சை ஆனது.

அதிலிருந்து நோயாளிகளிடம் கிலோவே பேசுவதில்லை. காலித் தண்ணீர் டம்ளர், பஞ்சு உருண்டை, சீப்பு என்று பொருளாகத்தான் சொல்வேன். மூன்று மாதம் ஆகும்வரை கனமான எதையும் தொடக் கூடாது. அதற்காக விரலை அசைக்காமலே வைத்தாலும் தையல் சுற்றியுள்ள உறையோடு ஒட்டிக்கொள்ளும். நூல் வெட்டைக் கடந்து இரண்டு முறை போயிருக்கிறதா, நாலு முறையா என்பதைப் பொறுத்தும் பயிற்சி மாறும். தைத்த மருத்துவரிடம் அதைக் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள்.

மணிக்கட்டை மடக்கினால் பிடி தளர்ந்துவிடுகிறதே?

மடக்கித் தசைகள் ஏற்கெனவே சுருங்கிவிட்டதால் மேலும் இழுக்க இடமில்லை. எதிரே நீட்டியின் கயிறும் இறுகிவிடும். கை பின்பக்கமாக 35 டிகிரி வாக்கில் சாய்ந்திருக்கும்போது பிடி அதிக பலமாக இருக்கும். குழந்தை கையில் பிடித்த சாவியை வாங்க வேண்டுமா? மணிக்கட்டை மெல்ல மடக்குங்கள், விரல் தானே திறக்கும்.

மோதிர விரல் மட்டும் தனியாக மடங்க மறுக்கிறது. கோளாறா?

இல்லை. மற்ற மூன்று விரலையும் யாராவது நீட்டிப் பிடித்துக்கொண்டால் மோதிர விரலின் நுனி மூட்டு யாருக்கும் சரியாக மடங்காது. நடு, மோதிர, சுண்டு விரல்களின் ஆழ்மடக்கிகள் பொதுவான ஒரே சதையிலிருந்து பிரிகின்றன. ஆட்காட்டி விரல் கொஞ்சம் தனிக்குடித்தனம்.

கணினியில் போட்டுப் பார்க்க என்ன இருக்கிறது?

ஓப்பன்சிம் என்று ஒரு மென்பொருள், உடம்பின் அசைவையும் தசை விசையையும் கணக்கிடுவது, இலவசம். ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கியது. கை மாதிரிகளும் கிடைக்கும். ஆனால் அதில் உள்ள கை உங்களுடைய கையோ அந்தப் பீடிக்காரம்மாவின் கையோ இல்லை. எலும்பின் நீளத்தை மாற்றினால் மட்டும் போதாது, நெம்புதூரமும் மாறும். முதலில் காகிதத்தில் நுனி மூட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டு, மென்பொருள் தரும் விடை அதற்குப் பக்கத்திலாவது வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் பெரும்பாலும் விசையின் திசையைத் தலைகீழாகக் கொடுத்திருப்பீர்கள்.

வீட்டில் நானே அளக்கலாமா?

சமையலறைத் தராசும் அளவுகோலும் போதும். தராசை மேஜையில் வைத்து, முன்கையை மேஜைமேல் சாய்த்து, விரலால் மட்டும் அழுத்துங்கள். தோளால் தள்ளினால் எண் எகிறும். எல்லோரும் செய்யும் தப்பு இதுதான். மூன்று தடவை அழுத்தி சராசரி எடுங்கள், நடுவே ஒரு நிமிஷம் விடுங்கள். அழுத்திய இடத்தில் கொஞ்சம் மை தடவிக்கொண்டால் விரலில் எங்கே பட்டது என்று தெரியும். அங்கிருந்து நுனி மூட்டுக் கோடு வரை மி.மீ.-இல் அளந்து, தராசு எண்ணால் பெருக்கி, நாலால் வகுங்கள். பெரும்பாலான தராசுகள் ஐந்து கிலோவுக்கு மேல் காட்டாது, கட்டைவிரலை வைத்து அமுக்கினால் கெட்டுப்போகும். எங்கள் வீட்டுத் தராசு அப்படித்தான் போனது. சமையலறையில் இன்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை.